பழைய பெருவழியின் துபாஷிகள்

சென்னையிலிருந்து மேற்கே மைசூர்ச் சீமைக்குச் சென்ற பழைய பெருவழி, ஆம்பூர்ப் பக்கத்து மலைகளை ஏறிக் கடந்து, வேங்கடகிரிக்கோட்டையைத் தொட்டு, பாலாற்றங்கரையிலுள்ள பேத்தமங்களாவை அடைந்தது. கோலார் தங்கவயலில் வாழும் தமிழருக்கு இவ்வூர் ஏரியால் அறிமுகமானது. தங்கவயலின் குழாய்களில் வந்த தண்ணீர் இந்த ஏரியின் தண்ணீரே. ஆனால் தங்கவயல் என்றொரு நகரம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேத்தமங்களா பெயர் பெற்ற ஊராக விளங்கிற்று. விஜயாதித்தமங்கலம் என்பது அதன் பழம் பெயர். உடைந்துபோன ஏரிக்கரையைப் பத்தாம் நூற்றாண்டில், நுளம்பர் ஆட்சிக் காலத்திலே செப்பனிட்ட செய்தியைக் கல்வெட்டொன்று கூறுகிறது.

1864-ஆம் ஆண்டு சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அது பேத்தமங்களாவை ஒதுக்கிவிட்டுச் சென்றது. வாணிபமும் வழிப்போக்கரும் புகைவண்டி நிலையத்தை நாடிப் போயினர். வட்டத்தின் தலைமையிடமும் புதிதாக எழுந்த பௌரிங்பேட்டைக்கு, அதாவது இன்றைய பங்காரப்பேட்டைக்கு மாறிற்று. மைசூரின் ஆணையராக இருந்த பௌரிங் துரையின் பெயரை அவ்வூர் நெடுங்காலம் சுமந்திருந்தது. ஒரு சாலை இடம் மாறினால் சத்திரக்காரர், சுமை கூலிகள், பல்லக்குத் தூக்கிகள் எனப் பலருடைய பிழைப்பும் மாறிவிடுகிறது. அவர்களோடு சேர்த்து நாம் எண்ணவேண்டிய மற்றொரு கூட்டத்தார் உளர். அயல்நாட்டிலிருந்து வந்த பயணிகளுக்கு வழிகாட்டியவர்களும், அவர்கள் பேச்சை மொழிபெயர்த்துச் சொன்னவர்களுமே அவர்கள். அவர்களைப் பற்றி இங்குச் சிறிது ஆராய்வோம்.

பிறமொழி வழங்கும் நாட்டை நம் முன்னோர் மொழிபெயர் தேயம் என்றனர். மொழி பெயர்ந்து வேறாகும் நாடு என்பது அதன் பொருள். பேத்தமங்களாவைச் சூழ்ந்த நாடு அத்தகையது. கிழக்கே மலையிறங்கினால் தமிழ், வடக்கும் வடகிழக்கும் தெலுங்கு, மேற்கே கன்னடம், பேட்டைகளிலும் பாளையங்களிலும் தக்கணி உருது. பாலாறும் இவ்வாறே கன்னட நாட்டில் பிறந்து, தெலுங்கு நாட்டின் ஓரத்தைக் கடந்து, வாணியம்பாடி, வேலூர் வழியே தமிழ்நாட்டுக் கடலிலே கலக்கிறது. இத்தகைய நிலத்தில் பிறந்தவனுக்கு இரண்டு மூன்று மொழிகள் பள்ளிக்குப் போகாமலே வந்துவிடும். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிள்ளைகளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் இதனை நன்கு அறிவர். கடைத்தெருவில் ஒரு மொழியும் அடுப்பங்கரையில் ஒரு மொழியும் பேசும் பிள்ளை, பாட்டி ஊரிலிருந்து வரும்போது தானாகவே துபாஷி ஆகிவிடுகிறது.

துபாஷி என்னும் சொல்லுக்கு இரு மொழி அறிந்தவன் என்பதே பொருள். துவிபாஷி என்ற வடசொல் தேய்ந்து துபாஷி ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை இன்னும் தேய்த்து 'துபாஷ்' என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சொல் செல்வாக்கின் அடையாளமாயிற்று. புதுச்சேரியில் துய்ப்ளே துரையின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையை அறியாத தமிழர் இரார். 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, பிரெஞ்சுக்காரரின் ஆட்சியை உள்ளிருந்து பார்த்த ஒரு தமிழரின் கண்களால் நமக்குக் காட்டுகிறது. சென்னையில் துபாஷித் தொழிலால் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற அறச்செல்வத்தால் 1842-இல் எழுந்த பள்ளியே பின்னர்க் கல்லூரியாயிற்று.

இத்தொழிலில் ஏற்றம் இருந்த அளவுக்கு ஆபத்தும் இருந்தது. ஆனந்தரங்கருக்கு முன்னே புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக இருந்த நயினியப்ப பிள்ளை, 1716-இல் ஆளுநர் எபேரின் ஆட்சியில் சிறையிடப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே உயிர் துறந்தார். அவர் மகன் குருவப்பா கடல் கடந்து பிரான்சுக்கே சென்று முறையிட்டார். தந்தையின் மீதிருந்த தீர்ப்பு நீக்கப்பட்டது. மகன் கிறித்தவராகி, பிரெஞ்சு மன்னரின் வீரப் பட்டம் பெற்று ஊர் திரும்பினார். மறுபுறம், சென்னைத் துபாஷி அவதானம் பாப்பையா 1792-இல் சதி வழக்கொன்றில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்பவன் இருபுறமும் ஏய்க்க வல்லவன் என்ற ஐயம் எக்காலத்தும் இருந்தது. அதில் உண்மையும் உண்டு. ஒருவன் சொல்வதை மற்றவன் சரிபார்க்க இயலாத இடத்தில், நடுவே நிற்பவனுடைய நாவே நாணயம். நாணயம் கெட்ட துபாஷிகளைப் பற்றி ஆங்கிலேயர் மிகுதியாக எழுதினர். கெடாதவரைப் பற்றி எழுதியது குறைவே. அவதான பாப்பையர் பெயரால் சென்னைச் சூளையில் இன்றும் ஒரு தெரு உண்டு என்பதையும் இங்குச் சொல்லிவைப்போம்.

துறைமுக நகரங்களின் துபாஷி பெரும்புள்ளி. பெருவழியின் துபாஷியோ வேறு பிறவி. சென்னையில் கப்பலிலிருந்து இறங்கிய துரை மலைக்கு மேற்கே செல்ல விரும்பினால், ஆங்கிலம் அறிந்த ஒருவரைத் தம்மோடு கூட்டிக்கொள்வார். ஆனால் அவர் அறிந்த ஆங்கிலமும் தமிழும் மலைமேல் ஏறியதும் பாதிப் பயனே தரும். வழியும் அவருக்குத் தெரியாது. எந்த ஏரியில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தக் கணவாயில் வண்டி ஏறும் என்பவற்றை அறிந்தவன் உள்ளூர்த் தலையாரி.

தலையாரியின் கடமைகளுள் ஒன்று, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்லும் வழிப்போக்கரைக் காவலோடு கொண்டுபோய் விடுவது. 1812-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஐந்தாம் அறிக்கை, தென்னாட்டுக் கிராம ஊழியரை விவரிக்குமிடத்தில் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஓர் ஊர்த் தலையாரி தன் எல்லைவரை நடந்து, பயணியை அடுத்த ஊராரிடம் ஒப்படைத்துத் திரும்புவான். ஒரே நாளில் துரையின் பல்லக்குக்கு முன்னே நடந்த கால்கள் நான்கைந்து பேருடையனவாக இருந்திருக்கும். துரையின் நூலில் அவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான், 'வழிகாட்டி'. பலபோது அதுவுமில்லை.

இப்போது பேத்தமங்களாவுக்கு வருவோம். 1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு சுல்தான் போரில் மாண்டார். மைசூர் நாடு கூறுபோடப்பட்டது. கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, எவர் வாழ்கின்றனர், எல்லை எங்கே ஓடுகிறது என்பவற்றை அறியக் கும்பினியார் அவாவினர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் மூன்று ஐரோப்பியர் இந்த வட்டாரத்தில் ஆராய்ச்சி செய்தனர். மூவரும் பேர்பெற்ற அறிஞர்கள். மூவருக்கும் உள்ளூர் மக்களின் துணை வேண்டியிருந்தது. அத்துணையை மூவரும் எவ்வாறு பதிவு செய்தனர் என்று ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது.

முதலாமவர் பிரான்சிஸ் புக்கானன். ஸ்காத்லாந்து நாட்டு மருத்துவர். செடிகொடி நூலில் வல்லவர். வெல்லெசுலி பிரபுவின் கட்டளையை ஏற்று, 1800 ஏப்ரலில் சென்னையை விட்டுப் புறப்பட்டு, காஞ்சிபுரம், ஆர்க்காடு, வேலூர் ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறி, வேங்கடகிரிக்கோட்டை வழியாக மே மாதத்தில் பேத்தமங்களாவுக்கு வந்தார். இவ்வூரின் பெயரைத் தம் காதில் விழுந்தவாறு எழுதிவைத்தார். பின்னர் மைசூர், கன்னடக் கரை, மலையாளம் என்று சுற்றி, கண்டதையும் கேட்டதையும் மூன்று பெருந்தொகுதிகளாக 1807-இல் இலண்டனில் வெளியிட்டார். உழவனிடம் விதைக்கணக்கும், நெசவாளனிடம் நூல்விலையும், இரும்பு உருக்குவோனிடம் கரிக்கணக்கும் கேட்டவர் அவர். இன்றளவும் அக்காலப் பொருளாதாரத்தை ஆராய்வோர் அந்நூலைத் தொடாமல் இருக்க முடியாது.

ஆனால் புக்கானனுக்குத் தமிழோ கன்னடமோ தெலுங்கோ தெரியாது. அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் துபாஷியின் வாய் வழியே சென்றது; ஒவ்வொரு விடையும் அவ்வழியே மீண்டது. தம்மிடம் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்ததை அவரும் மறைக்கவில்லை. நூலில் ஆங்காங்கே அவரைச் சுட்டுகிறார். எனினும் நூலைப் படித்து முடிக்கும்போது, அம்மூன்று தொகுதிகளுக்குள்ளும் பாதி உழைப்பு அந்த மொழிபெயர்ப்பாளருடையது என்ற எண்ணம் நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. குத்தகை, வாரம், மானியம் போன்ற சொற்களைப் பிறமொழியில் விளக்குவது எவ்வளவு கடினம்! இன்றும் வெளிமாநில நீதிமன்றத்தில் தன் ஊர் நிலத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல நேர்ந்த தமிழர் அக்கடினத்தை உணர்வர். அவற்றைப் பகல் முழுவதும் வெயிலில் நின்று விளக்கியவர் ஒருவர் இருந்தார்.

இரண்டாமவர் காலின் மெக்கன்சி. ஸ்காத்லாந்தின் வடமேற்கிலுள்ள லூயிஸ் தீவில் பிறந்து, 1783-இல் சென்னைக்கு வந்த படைப்பொறியாளர். மைசூர் நாட்டை அளந்து படம் வரையும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. ஏறத்தாழ நாற்பதாயிரம் சதுர மைல் நிலத்தை அவருடைய குழுவினர் அளந்தனர். நிலத்தை அளந்ததோடு நில்லாமல், கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, ஊர்க் கைபீது, நாணயம் ஆகிய யாவற்றையும் திரட்டினார். சுவடிகள் மட்டும் 1,568. கல்வெட்டுப் படிகள் 8,076. சென்னையிலுள்ள கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் அடிப்படைச் செல்வங்களுள் இத்தொகுப்பும் ஒன்று. மெக்கன்சிக்கும் நம் மொழிகள் வாரா. அதனை அவரே ஒப்புக்கொண்டார்.

அங்ஙனமாயின் அச்சுவடிகளைத் திரட்டியவர் யார்? ஏலூரைச் சேர்ந்த காவலி குடும்பத்துச் சகோதரர்களே முதன்மையானவர்கள். மூத்தவர் காவலி வேங்கட போரய்யா. தெலுங்கு அவர் தாய்மொழி. தமிழும் கன்னடமும் வடமொழியும் அவருக்குத் தெரியும். வேலையாட்களைத் திசைக்கொருவராக அனுப்பவும், அஞ்சி நிற்கும் ஊராரிடம் நயமாகப் பேசி ஏடுகளைப் பெறவும், பழங்கன்னட எழுத்துக்களைப் படித்தறியவும் அவர் வல்லவராயிருந்தார். 1803-இல், முப்பது வயதைத் தொடுமுன்னரே அவர் இறந்தார். அவருக்குப் பின் தம்பி இலட்சுமய்யா அப்பொறுப்பை ஏற்றார். மற்றொரு சகோதரர் இராமசாமி, தக்கணத்துப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1829-இல் கல்கத்தாவில் வெளியிட்டார். தமிழ்நாட்டுப் பகுதிகளில் ஊர் ஊராகச் சென்று ஏடு திரட்டிய நிதல நயினாவும், தெலுங்கு நாட்டில் அலைந்த நாராயண ராவும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. எவ்வூரில் யாரைக் கண்டோம், என்ன கேட்டோம் என்று அவர்கள் மெக்கன்சிக்கு அனுப்பிய அறிக்கைகள் இன்றும் உள்ளன.

மெக்கன்சி நன்றி மறந்தவரல்லர். இந்திய அறிவின் வாயிலுக்குள் தம்மை முதன்முதல் இட்டுச் சென்றது போரய்யாவின் நட்பே என்று 1817-இல் எழுதிய கடிதமொன்றில் மனமாரக் குறிப்பிட்டார். 1816-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியின் உருவை எழுதினார். செந்நிற உடையணிந்த துரை நடுவில் நிற்கிறார். அவரைச் சூழ்ந்து நம் நாட்டவர் மூவர். ஒருவர் கையில் ஏட்டுச்சுவடி, மற்றொருவர் கையில் தொலைநோக்கி. பின்னணியிலே கார்க்கள கோமடேசுவரர். சிப்பாயும் பண்டிதரும் துரையோடு ஒரே சீலையில் இடம்பெறுவது அக்காலத்தில் எளிய செய்தியன்று.

ஆனால் மெக்கன்சி 1821-இல் காலமானபின் நடந்ததை நாம் மகிழ்ச்சியோடு சொல்ல இயலாது. தம் தலைவர் விட்டுச்சென்ற வேலையைத் தாமே தொடர்ந்து முடிக்க அனுமதி வேண்டி இலட்சுமய்யா விண்ணப்பித்தார். அத்தொகுப்பை அவரளவு அறிந்தவர் அன்று உயிரோடு வேறெவரும் இலர். விண்ணப்பம் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் கருத்துக்கு வந்தது. சங்கத்தின் செயலராயிருந்தவர் ஜேம்ஸ் பிரின்செப். அசோகனின் எழுத்துக்களைப் படித்த அதே பேரறிஞர். 1836-இல் சங்கம் இலட்சுமய்யாவுக்கு எதிராகவே கருத்துரைத்தது. ஏடு திரட்டலாம், படித்துச் சொல்லலாம், மொழிபெயர்க்கலாம்; ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கலாகாது என்பதே அதன் உட்பொருள். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாரிடம் சென்றது. பிரின்செப்பின் புலமைக்கு நாம் தலைவணங்குவோம். இத்தீர்ப்புக்கு வணங்க இயலவில்லை.

மூன்றாமவர் ஜான் வாரன். பிரெஞ்சு நாட்டுப் பிரபுக் குடியில் 1769-இல் பிறந்து, ஆங்கிலப் படையில் சேர்ந்தவர். ழான் பத்தீஸ்த் என்பது இவருடைய பிறவிப் பெயரின் பகுதி. நில அளவையிலும் வான நூலிலும் தேர்ந்தவர். 1802-இல் மைசூரின் கிழக்கெல்லையை அளந்துகொண்டு, பூதிக்கோட்டைக்குக் கிழக்கேயுள்ள சிறு குன்றொன்றில் அளவைக்குறி நாட்டும்போது ஒரு வதந்தி அவர் செவிக்கு எட்டிற்று. ஏர் உழுத ஒருவன் மண்ணிலே பொன்னைக் கண்டெடுத்தான் என்பதே அவ்வதந்தி. பொன் கிடைக்கும் இடத்தைக் காட்டுவோர்க்குப் பரிசளிப்பதாக வாரன் அறிவித்தார்.

அறிவித்த சில நாட்களில் உரிகம் என்னும் ஊரின் உழவர் ஒருவர் முன்வந்து, தம் ஊருக்கருகே இடம் காட்டுவதாகச் சொன்னார். வாரன் சென்றார். ஊர்ப் பெண்கள் கூடினர். அவர்கள் கையில் சிறு துடைப்பமும் மரத்தட்டும் இருந்தன. மேல்மண்ணைக் கூட்டித் தட்டில் வாரினர், தண்ணீரில் அலசினர், மண் கரைந்தோடத் தட்டின் அடியிலே பொற்பொடி மின்னிற்று. பின்னர் வாரன் மாரிக்குப்பத்துக்குச் சென்றார். அங்கே கண்டது அவரை இன்னும் வியப்பில் ஆழ்த்திற்று. முப்பது அடியும் நாற்பத்தைந்து அடியும் ஆழமான குழிகள். சுவரில் வெட்டிய சிறு படிப்பள்ளங்களில் கால்வைத்து இறங்கும் ஆண்கள். கூடைகளில் கல்லை நிரப்பிக் கைக்குக் கை மாற்றி மேலே அனுப்புகின்றனர். பெண்கள் அக்கல்லைப் பாறைமேல் இட்டு நுணுக்கி, கிணற்றடியில் அலசுகின்றனர். குழியில் இறங்கியோர், ஊரால் தாழ்த்தப்பட்டு ஊர்ப்புறத்தே வைக்கப்பட்ட குடியினர். ஏறக்குறைய 56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின், அதாவது குன்றிமணி எடைக்கும் குறைந்த பொன் கிடைத்ததாக வாரன் கணக்கிட்டார்.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். புக்கானனின் துபாஷி சொற்களை மொழிபெயர்த்தார். போரய்யா ஏடுகளைப் படித்துரைத்தார். உரிகத்து உழவரும் மகளிரும் மொழிபெயர்த்தது நிலத்தை. எந்த மண்ணில் பொன் இருக்கும், எந்தக் கல்லை உடைக்கலாம், எத்தனை முறை அலசவேண்டும் என்பவை தலைமுறை தலைமுறையாகக் கையிலே நின்ற கல்வி. அக்கல்வியை ஒரு பரிசை நம்பி அயலார்முன் திறந்துகாட்டினர். வாரன் அதைத் தம் மொழியில் எழுதினார். அன்று முதல் அது வாரன் கண்ட பொன்னாயிற்று. உழவரின் பெயர் அவர் குறிப்பில் இல்லை. பெண்களின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டா.

வாரனை மட்டும் குறைகூறுவதும் நேர்மையன்று. தாம் கண்டதைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் சொல்லவில்லை. ஊராரே காட்டினர் என்றுதான் எழுதினார். அவர்கள் தொழிலை நுணுக்கமாக விவரித்தார். அவருடைய குறிப்பு இல்லையேல் அப்பெண்கள் கையிலிருந்த துடைப்பமும் மரத்தட்டும் நமக்குத் தெரியவே வாரா. பெயர் மட்டும் விடுபட்டது. ஏவலாளின் பெயரைக் கேட்கும் வழக்கம் அன்றைய துரைமார்க்கு மட்டுமன்று, நம் ஊர்ப் பெரியதனக்காரர்க்கும் இல்லை.

வழிகாட்டியவர்க்குக் கிடைத்த ஊதியம் என்ன? வாரனுக்குப்பின் பலர் பொன் தேடி வந்து தோற்றுப் போயினர். குழிகளில் விபத்துக்கள் நேர்ந்தமையால் 1859-இல் நிலத்தடியில் பொன் தோண்டுதல் தடைசெய்யப்பட்டது. மாரிக்குப்பத்தாரின் படிப்பள்ளங்கள் வெறிச்சோடின. 1871-இல், நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்று பெங்களூரில் தங்கியிருந்த மைக்கேல் லவேல் என்பவர் வாரனின் பழைய குறிப்பைப் படித்தார். மாட்டு வண்டியில் கோலாருக்குப் பயணமானார். 1875-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை பெற்றார். கைப்பொருள் போதாமையால் பின்னர் அதைப் பிறர்க்கு மாற்றிக் கொடுத்தார். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். அதன் பின்னரே உலகறிந்த தங்கவயல் எழுந்தது. லவேல் பெயரால் பெங்களூரில் இன்றும் ஓர் அகன்ற சாலை உண்டு. பழஞ்சுரங்கங்கள் இருந்த இடத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்த பள்ளங்களை வெட்டியவர்க்குச் சந்து பொந்தும் இல்லை.

டெய்லர் கம்பெனியின் நாட்களில் துபாஷித் தொழில் புது வடிவம் கொண்டது. கார்ன்வால் நாட்டிலிருந்து வந்த சுரங்க மேலாளர்க்கு ஆங்கிலம் ஒன்றே தெரியும். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தொழிலாளர்க்குத் தமிழும் தெலுங்கும் தெரியும். இருவருக்கும் நடுவில் நின்றவர் மேஸ்திரி. துரை சொன்ன கட்டளையைத் தமிழாக்கியவரும் அவரே. தொழிலாளரின் முறையீட்டைத் துரைக்குச் சொல்லியோ சொல்லாமலோ விட்டவரும் அவரே. நிலத்தடியில் மொழிபெயர்ப்புத் தவறினால் அது இலக்கணப் பிழையாக முடியாது. எங்கே வெடி வைத்திருக்கிறது, எப்போது விலகவேண்டும், எந்தப் பாறை இளகி நிற்கிறது என்னும் செய்திகள் நொடியில் ஒரு மொழியிலிருந்து மறுமொழிக்கு மாறவேண்டும். ஆங்கிலச் சுரங்கச் சொற்கள் தங்கவயல் தமிழில் அப்படியே குடிபுகுந்தமைக்கு இதுவே காரணம். தூய தமிழ்ச்சொல் தேடிக்கொண்டு நிற்க அங்கே நேரமில்லை.

மேஸ்திரியைப் பற்றியும் நம் துபாஷிகளைப் பற்றிச் சொன்னதையே சொல்லவேண்டும். கூலியில் கைவைத்தவரும் இருந்தனர். தம் ஆட்களுக்காக வேலையையே இழக்கத் துணிந்தவரும் இருந்தனர். நடுவில் நிற்பவனின் நாணயம் அக்காலத்துப் புதுச்சேரியில் எவ்வளவு பெறுமானம் உடையதோ, அவ்வளவு பெறுமானம் சாம்பியன் ரீஃபின் சுரங்க வாயிலிலும் உடையதாயிருந்தது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அந்நிலம் 800 டன் அளவுக்குப் பொன் கொடுத்தது. முப்பதடிக் குழிகள் மூவாயிரம் மீட்டரையும் கடந்த ஆழத்துக்குச் சென்றன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் விடியற்காலைப் புகைவண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் நிலை வந்தது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் எனப் பாலாற்றங்கரையின் பழைய மொழிப்பழக்கம் அவர்களிடம் குன்றாமல் இருக்கிறது.

வாரனைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. பொன் தேடிய நாட்களுக்குப் பின் அவர் சில ஆண்டுகள் சென்னை வானிலைக்கூடத்தில் தலைமை வகித்தார். இறுதிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 1830-இல் அங்கேயே மறைந்தார். தென்னாட்டார் காலங்கணிக்கும் முறையைப் பற்றிக் 'கால சங்கலிதம்' என்னும் பெருநூலை 1825-இல் வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அணுகினார். அவருக்கு எண்ணும் எழுத்தும் எழுதிய ஏடு தேவைப்படவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியச் சொற்களை முணுமுணுத்தவாறே சோழிகளை மாற்றி மாற்றி வைத்தார். 1825-ஆம் ஆண்டு மே இறுதியில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தைக் கணித்துவிட்டார். ஐரோப்பியக் கணக்கோடு ஒப்பிட, தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமுமே வேறுபட்டன.

இம்முறை வாரன் பெயரைக் கேட்டார். கேட்டுத் தம் நூலில் எழுதியும் வைத்தார். ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அப்பெயரைச் சாமிநாதன் சேஷையா என்று நாம் படிக்கலாம். அவர் கணக்கை இருபதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு வானநூல் வரலாற்றாசிரியர் நாய்கபௌர் எடுத்து ஆராய்ந்தார். பாபிலோனியர் காலத்துக் கணிப்பு முறைகளோடு அதற்குள்ள உறவை 1952-இல் எழுதினார். சோழி வைத்துக் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர், அவ்வாறு தம் பெயரோடே அறிஞர் உலகுக்குச் சென்று சேர்ந்தார். உரிகத்திலும் அன்று பெயர் கேட்டிருக்கலாம்.